இரவல் நம்பர்

போன மாதம் கழுத்து வலி தாங்கமுடியவில்லை. நாள் முழுக்க லாப்டொப்புக்கு முன்னால் குந்தியிருப்பவனுக்கு வேறென்ன வரும்? தெரிந்தவர் சொன்னார் என்று ஸ்காபரோவில் ஒரு மசாஜ் இடத்துக்குப் போனேன். முடிந்ததும் கவுண்டரில் இருந்தவர் கேட்டார்: "தம்பி, காப்புறுதிக்கு ரசீது வேணுமோ?"

ரசீதில் இருந்தது என் கழுத்தைப் பிடித்துவிட்டவரின் பெயர் இல்லை. அன்று அங்கே இல்லாத ஒருவரின் பெயரும் பதிவு எண்ணும். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

நண்பர்கள் சிரித்தார்கள். "கைவேலைக்கு எதுக்கடா லைசன்ஸ்? எங்கட அம்மம்மா எங்க படிச்சவ?"

ஒன்ராறியோவின் 1991ஆம் ஆண்டு மசாஜ் தெரபிச் சட்டம் அம்மம்மாவின் நல்லெண்ணெயைத் தடுக்கவில்லை. அது காப்பது பட்டத்தை. ஒன்ராறியோ மசாஜ் தெரபிஸ்ட் கொலிஜில் பதியாதவர் தன்னை 'மசாஜ் தெரபிஸ்ட்' என்று சொல்லக்கூடாது. இந்தக் கொலிஜ் பாடம் நடத்தும் இடமல்ல, தொழிலைக் கண்காணிக்கும் அமைப்பு.

வெறும் பட்டம்தானே என்கிறீர்களா? காலில் இரத்தக்கட்டி உள்ளவரின் கெண்டைக்காலை அழுத்தினால் அது கழன்று நுரையீரலுக்குப் போகலாம். எங்கே அழுத்தக்கூடாது என்று தெரிவதற்குத்தான் படிப்பும் தேர்வும். உடுப்பைக் களைந்து, கண்ணை மூடிப் படுக்கும் இடம் அது. பதிவுள்ளவர் எல்லை மீறினால் கொலிஜில் முறையிடலாம், அவருடைய பதிவே பறிபோகலாம். பதிவில்லாதவரைப் பற்றிக் கொலிஜில் முறையிட்டால் பறிப்பதற்கு அவரிடம் பதிவே இல்லை.

இரவல் நம்பரில் ரசீது வாங்குவது 'அட்ஜஸ்ட்மென்ட்' அல்ல, மோசடி. காப்புறுதிக்கு அதை அனுப்புவது கடைக்காரர் இல்லை, நீங்கள். பிடிபட்டால் உங்கள் வேலையும் போகலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. என் கழுத்தைப் பிடித்தவரின் கை நல்ல கை. ஆனால் வேறொருவரின் நம்பருக்குப் பின்னால் நிற்கும்வரை அந்தக் கைக்குச் சொந்தப் பெயர் கிடையாது. அவருக்கு இரக்கம் காட்டுகிறோம் என்று நினைக்காதீர்கள். படித்துப் பதிவெடுக்கச் சொல்லுங்கள், முடிந்தால் பீஸுக்கு உதவுங்கள். அதுதான் இரக்கம்.

அடுத்தமுறை போகுமுன் கொலிஜின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. ரசீதில் இருக்கும் பெயரும் உங்களைத் தொட்ட கையும் ஒன்றாக இல்லையென்றால், எழும்பி வாருங்கள்.