சாதிப் பெயரை வகுப்பது யார்?

2027 பிப்ரவரியில் வீட்டுக்கு வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர் உங்கள் சாதியையும் கேட்பார். கேட்கலாமா, கூடாதா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. கேட்டுக்கொண்டு போனபிறகு மேசையில் உட்கார்ந்து அதை யார் பிரிக்கப்போகிறார்கள் என்பதுதான் என் கவலை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆசிரியர் வேலை பார்த்து, 2011இல் இதே கணக்குக்காக வீடுவீடாக நடந்தவன் நான்.

மக்களை அதிகாரிகள் இப்படிப் பிரித்தெழுதுவது எங்கள் வட்டாரத்துக்குப் பழைய கதை. 1767இல் தாமஸ் பர்னார்ட் என்ற வெள்ளைக்காரர் கம்பெனி வசமிருந்த செங்கல்பட்டு ஜாகீரின் கிராமங்களை அளக்கத் தொடங்கினார். பொன்னேரியும் திருப்பாச்சூரும் அந்த ஜாகீரைச் சேர்ந்தவை. நிலத்தோடு வீடுகளையும் குடிகளின் தொழிலையும் குறித்துக்கொண்டார்கள். வரி வசூலிக்க அது தேவைப்பட்டது.

1871இல் சென்னை மாகாணம் முழுவதையும் எண்ணியபோது அறிக்கை எழுதியவர் கார்னிஷ், சுகாதார ஆணையர். நோயையும் சாவையும் கணக்கிட்டவர் கைக்கே சாதிகளைக் கட்டுக்கட்டாகப் பிரிக்கும் வேலையும் வந்தது. மக்கள் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. தம் மக்களைப் பூர்வத் தமிழர் என்று பதியுங்கள் என்றார் தலித் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர். பள்ளி என்ற சாதிப் பெயரில் எழுதப்பட்டவர்கள் தங்களை வன்னியகுல சத்திரியர் என எழுதச் சொல்லி மனுமேல் மனு போட்டார்கள். 1931 கணக்கில்தான் பழைய பெயர் போனது. அறுபது ஆண்டு! சொந்தப் பெயரைச் சர்க்கார் காகிதத்தில் ஏற்ற இத்தனை பாடு.

2011இல் எங்கள் கையில் அட்டவணைச் சாதி, பழங்குடிப் பட்டியல் மட்டும் இருந்தது. செங்கல் சூளையில் ஒரு பாட்டி, "நாங்க வில்லியருங்க சார்" என்றார். பட்டியலில் இருளர் உண்டு, வில்லியர் இல்லை. இரண்டும் ஒரே மக்கள் என்பது எங்கள் ஊர்க்காரனுக்குத் தெரியும். வேறு மாவட்டத்திலிருந்து வருபவருக்கு எப்படித் தெரியும்? சாதிச் சான்றிதழுக்கே அலையும் இருளர் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயமில்லை.

அதே 2011இல் தனியாகத் தொடங்கிய சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பிலோ நேர் எதிரான கூத்து. 46 லட்சம் சாதிப் பெயர்கள் வந்து குவிந்தன என்று மத்திய அரசே உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. எழுத்துப்பிழை, குலப்பெயர், கோத்திரம், எல்லாமே தனித்தனிச் சாதி ஆகிவிட்டன. சாதி விவரம் வெளியாகவே இல்லை. 1931இல் 4,147 சாதிகள் என்று வந்ததும் யாரோ அதிகாரிகள் மேசையில் சேர்த்துப் பிரித்துச் செய்ததுதான்.

ஆகவே என் கோரிக்கை எளிது. மக்கள் சொல்லும் பெயரை அப்படியே பதியுங்கள். எந்தப் பெயரை எந்தச் சாதியோடு சேர்க்கிறீர்கள் என்ற பட்டியலை எண்ணிக்கை வெளிவரும் முன்பே மாவட்டவாரியாக வெளியிட்டு ஆட்சேபம் கேளுங்கள்.

இன்னொன்று, எங்கள் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள வாடகை அறைகள். ஷிப்டு முடிந்து தூங்கும் ஒடிசா, பீகார்ப் பையன்களுக்காக வீட்டுக்காரரே "நாலு பேரு" என்று சொல்லி அனுப்பிவிடுவார். உள்ளே பாய்கள் அதைவிட அதிகம் கிடக்கும். அவர்கள் சாதியை ஊகித்து எழுத எவருக்கும் உரிமை கிடையாது. இரவு ஷிப்டுக்குப் போகுமுன் சாயங்காலம் போங்கள். அவர்கள் மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். செல்போனில் பதிந்ததை அனுப்புமுன் அவர்களுக்கே படித்துக் காட்டுங்கள்.