ஒரு கண் போதும் என்று இருந்துவிடாதீர்கள்



சென்ற மாரிகாலத்தில் லாசாலில் வசிக்கும் ஒரு அம்மா கையில் கட்டுடன் என்னிடம் வந்தார். வீட்டின் வெளிப்படியால் இறங்கும்போது, படிகள் முடிந்துவிட்டன என்று நினைத்துக் காலை வைத்திருக்கிறார். இன்னும் ஒரு படி இருந்திருக்கிறது. வலது கண்ணில் கண்புரை அகற்றி இரண்டு வருடங்களாகின்றன. இடது கண்ணில் புரை அப்படியே இருக்கிறது.

"ஏன் அம்மா மற்றக் கண்ணைச் செய்யவில்லை?" என்று கேட்டேன்.

"ஒரு கண் வடிவாத் தெரியுதுதானே டொக்ரர். இந்த வயசில மற்றதை வைச்சு என்ன செய்யப் போறன்?" என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருடைய கோப்பில் "பார்வை நன்று" என்று எழுதி வைத்தவன் நானே. சுவரில் இருந்த எழுத்துகளை அவர் நல்ல கண்ணால் வாசித்தார். நானும் அத்துடன் திருப்திப்பட்டுவிட்டேன்.

"ஒரு கண் போதும்" என்ற எண்ணம் எம்மவர் பலரிடம் உண்டு. அது ஏன் பிழை என்பதை விளக்க, சத்திரசிகிச்சையில் பயன்படும் ஒரு கமராவைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் நான் மருத்துவம் படித்த காலத்தில் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. சத்திரசிகிச்சை என்றால் வயிற்றைத் திறந்து, இரண்டு கண்ணாலும் நேரே பார்த்துச் செய்வதுதான். பிற்காலத்தில், சிறு துவாரத்தால் கமராவைச் செலுத்தித் திரையைப் பார்த்துச் செய்வதைக் கண்டு வியந்தேன். ஆனால் ஒற்றைக் கமரா தரும் படம் தட்டையானது. ஊசியின் நுனி தசையைத் தொட்டுவிட்டதா, சற்று மேலே நிற்கிறதா என்பதை நிபுணர் தன் அனுபவத்தால்தான் ஊகிக்க வேண்டும். இதற்காகவே எமது இரண்டு கண்களைப்போல இரட்டைக் கமரா வந்தது. அமெரிக்காவில் 2000 ஆம் ஆண்டு அனுமதி பெற்ற 'டா வின்சி' ரோபோ இயந்திரத்தில், நிபுணரின் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் போகிறது. எமது மொன்றியல் யூத பொது மருத்துவமனையிலும் 2007 முதல் பெண்களின் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு இது பயன்பட்டு வருகிறது.

கமராவுக்குள் ஒளியை வாங்கும் சில்லுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் இந்த நகரில் படித்தவர். மக்கில் பல்கலைக்கழகத்தில் 1950 இல் கலாநிதிப் பட்டம் பெற்ற வில்லார்ட் போயில், ஜோர்ஜ் சிமித்துடன் சேர்ந்து 1969 இல் சி.சி.டி. சில்லைக் கண்டுபிடித்தார். இருவருக்கும் 2009 இல் நோபல் பரிசு கிடைத்தது. மழைக்கு முற்றத்தில் வரிசையாக வாளி வைப்பதுபோல, அந்தச் சில்லில் ஒளி சேர்கிறது. வாளியை எவ்வளவு நேரம் வெளியில் விடுகிறோமோ அவ்வளவு வெளிச்சம் படத்தில் இருக்கும்.

இரட்டைக் கமராவில் இரண்டு வரிசை வாளிகள். இரண்டையும் ஒரே கணத்தில் வைத்து ஒரே கணத்தில் எடுக்க வேண்டும். ஒன்று கூடுதல் நேரம் வெளியில் நின்றால், அந்தப் பக்கப் படம் மட்டும் வெளிச்சம் கூடி, அசையும் கருவி மங்கித் தெரியும். ஒன்று பிந்தினால் அதைவிட ஆபத்து. செக்கனுக்கு 60 படம் எடுக்கும் கமரா ஒன்றில், ஒரு சில்லு அரைப் படம் பிந்துகிறது என்று வைப்போம். அது சுமார் 8 மில்லிசெக்கன். செக்கனுக்கு 10 சென்ரிமீற்றர் நகரும் ஊசி அதற்குள் 0.8 மில்லிமீற்றர் போய்விடும். இரண்டு வில்லைகளுக்கும் இடையே சில மில்லிமீற்றர்தான் தூரம் என்பதால், பக்கவாட்டில் ஏற்படும் இந்தச் சிறு பிழை ஆழத்தில் பல மடங்காகப் பெருகும். ஆகவேதான் இரண்டு சில்லுகளையும் ஒரே கடிகாரத்தில் கட்டி ஓட்டுகிறார்கள்.

இதே பிழை எமது கண்களிலும் ஏற்படும். ஜேர்மனிய இயற்பியலாளர் கார்ல் புல்ஃப்ரிஷ் இதை 1922 இல் விளக்கினார். ஒரு கண்ணில் பார்வையை இழந்திருந்த அவரால் தான் விளக்கியதைத் தானே பார்க்க முடியவில்லை! நீங்கள் வீட்டில் பார்க்கலாம். நூலில் ஒரு திறப்பைக் கட்டி, இடம் வலமாக ஆட விடுங்கள். சில அடி தள்ளி நின்று, இரண்டு கண்ணையும் திறந்தபடி, ஒரு கண்ணுக்கு முன் மட்டும் கறுப்புக் கண்ணாடியைப் பிடியுங்கள். நேராக ஆடும் திறப்பு வட்டமாகச் சுற்றுவதுபோல் தெரியும். வெளிச்சம் குறைந்த கண்ணின் செய்தி மூளைக்குச் சற்றுப் பிந்திப் போவதே காரணம்.

ஒரு கண்ணில் மட்டும் புரை உள்ளவருக்கும் இது நேரலாம். அதோடு, மங்கிய படம் தெளிந்த படத்துடன் சேராததால் படியின் ஆழமும் பிடிபடாது. நியூமன் வீதியைக் கடக்கையில் வரும் காரின் தூரம், அங்கிரிஞோன் மெற்றோவின் படிகள், பனி மூடிய வாசல் என்று எல்லாம் ஏமாற்றும்.

"ஒரு கண்ணை முற்றாக இழந்தவர்களும் நன்றாகத்தானே நடமாடுகிறார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். அவர்களின் மூளை காலப்போக்கில் ஒரு படத்துடன் வாழப் பழகிவிடுகிறது. இல்லாத கண் பொய் சொல்வதில்லை. மங்கிய கண் சொல்லும்.

எல்லோருக்கும் இரண்டாவது சத்திரசிகிச்சை அவசியம் என்று நான் கூறவில்லை. சலரோகத்தால் விழித்திரை பழுதடைந்தவர்களுக்குப் பலன் குறைவாக இருக்கலாம். அதைக் கண் நிபுணர் தீர்மானிக்கட்டும். "போதும்" என்று நாமே வீட்டில் தீர்மானிப்பதுதான் பிழை.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள்:

1. வீட்டிலுள்ள பெரியவர்களை ஒரு கண்ணை மூடி மற்றதால் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கண்ணை மாற்றச் சொல்லுங்கள். வித்தியாசம் இருந்தால் உடனே காட்டுங்கள்.

2. 65 வயதுக்கு மேற்பட்டவர்களின் கண் பரிசோதனையைக் கியூபெக் சுகாதாரக் காப்புறுதி ஏற்கிறது. மருத்துவமனையில் செய்யும் கண்புரைச் சத்திரசிகிச்சையையும் அது ஏற்கிறது.

3. அம்மா அப்பாவுக்காகப் பிரெஞ்சில் பேசப் போகும் பிள்ளைகளே, "பார்வை பரவாயில்லை" என்று சுருக்கிவிடாதீர்கள். படியில் தடுமாறுவதையும், தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றுவதையும் சொல்லுங்கள்.

அந்த அம்மாவுக்கு இப்போது மற்றக் கண்ணும் செய்தாகிவிட்டது. நானும் இப்போது எவரிடமும் "தெரியுதா?" என்று மட்டும் கேட்பதில்லை. "இரண்டு கண்ணும் ஒரே மாதிரித் தெரியுதா?" என்று கேட்கிறேன். நீங்களும் உங்கள் வீட்டில் அப்படியே கேளுங்கள்.