பரண் போதும், துவக்கு வேண்டாம்

"வேட்டை எங்கட மரபு" எண்டு ஒரு கதை திரும்பவும் கிளம்பியிருக்கு. பரணையும் அதுக்குச் சாட்சியாக இழுக்கினம். நாங்கள் மறுக்கிறோம்.

உடுப்பிட்டியில் எங்களில் ஒருவரின் குடும்பத்தோடு சேர்ந்து, தொண்டைமானாற்று நீரேரிக் கரையில் ஒரு பரண் கட்டினோம். காசு குடுத்து வாங்கினது ஆணியும் கயிறும் மட்டும்தான். இடித்த பழைய வீட்டின் பனை வளைகள் கால்களாகின; சலாகைகள் தளமாகின. கூரைக்குத் துருப்பிடித்த தகரம். அம்மம்மா மறைப்புக்குக் கிடுகு பின்னித் தந்தா. மாமா நாலு காலையும் உள்பக்கம் சாய்த்துக் குறுக்குச் சட்டம் அடிச்சார். நேரே நட்டால் காத்துக்கு ஆடுமாம்.

முடிய வந்த முதல் கேள்வி: "எப்ப வெடி?"

வெடி இல்லை. சங்கப் பாடல்கள் இதணம் என்று சொல்லும் பரணில் இருந்து, பெண்கள் தினைப்புனத்துக் கிளிகளைக் கலைத்தார்கள், கொல்லவில்லை. வன்னியில் யானைக்கும் பன்றிக்கும் விடிய விடிய வயல் காத்ததும் பரணில்தான். துவக்கோடு ஏறினவையும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் பசிக்கு வேட்டையாடினவனையும் பொழுதுபோக்குக்குச் சுடுறவனையும் ஒரே தட்டில வைக்க ஏலாது.

சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமானது, 2015இல் தேசியப் பூங்கா. மாரியில் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து வாற வாத்துக்கு அந்த எல்லை தெரியுமா? எங்கட நீரேரியிலும்தான் இறங்கும்.

2009 வரை வெடிச்சத்தம் கேட்ட மண் இது. பரணில ஏறுங்கோ, சத்தம் போடாமல் இருங்கோ, பாருங்கோ. காவலும் எங்கட மரபுதான்.