அடைமழையில் சுருண்டு படுக்கும் ‘தாடி ஓணான்’: எப்போது டாக்டரிடம் ஓடணும்?

ஐப்பசி, கார்த்திகை மழை டெல்டா வயலுக்கு வரம். தஞ்சாவூர் வீடுகளில் கண்ணாடித் தொட்டிக்குள் வளரும் பியர்டட் டிராகனுக்கோ அது சோதனைக் காலம். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டைச் சேர்ந்த இந்த ஓணானுக்குக் காய்ந்த காற்றும், 40 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெயிலும் வேணும். ஊர்வன நோயை லேசில் வெளியே காட்டாது. ‘ரெண்டு நாள் பார்த்துக்கலாம்’ என்பதுதான் ஆபத்து.

எலும்பு ஏன் வளைகிறது?

இவற்றுக்கு அதிகம் வரும் சிக்கல் எலும்பு நோய். கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி3 வேணும். அதற்குப் புற ஊதா பி கதிர் வேணும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். ‘வெளிச்சம் படுதே’ என்ற கணக்கு செல்லாது. தாடை மெத்தென்று ஆவது, விரல் நடுங்குவது, உடம்பைத் தூக்க முடியாமல் இழுத்து நகர்வது ஆகியவை அறிகுறிகள். சீக்கிரம் பார்த்தால் கால்சியம் மருந்து, சரியான விளக்கு, உணவு மாற்றம் ஆகியவற்றால் தேற்றலாம். வளைந்துவிட்ட எலும்பு முழுசாக நிமிராது. நமக்கான மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீங்க; வைட்டமின் டி மிஞ்சினாலும் நஞ்சு.

வாயைத் திறந்தே வைத்திருந்தால்?

சூடான விளக்கின் கீழ் வாயைத் திறப்பது இயல்பு. குளிர்ந்த இடத்திலும் திறந்தபடி, சளியோ மூச்சில் சத்தமோ இருந்தால் நுரையீரல் தொற்றாக இருக்கலாம். ஈரமும் குளிரும் சேரும்போது இது வரும். ஆன்டிபயாட்டிக்கை டாக்டர்தான் முடிவு செய்யணும்.

மழையில் கரண்ட் போனால்?

சூடு இல்லாவிட்டால் செரிமானம் மந்தமாகும். விளக்கு திரும்ப எரியும்வரை இரை போடாதீங்க. பல நாள் மலம் போகாமல், பின்னங்கால் தளர்ந்தால் குடல் அடைப்பாக இருக்கலாம். தொட்டியில் மணல் பரப்புவதும் பெரிய பூச்சி கொடுப்பதும் இதற்குக் காரணமாகும். பேதியும் மெலிவும் தொடர்ந்தால் மலத்தைப் பரிசோதிச்சால் ஒட்டுண்ணி தெரியும்.

வயல் பூச்சியைக் கொடுக்கலாமா?

வேண்டாம். நெல் வயல் வெட்டுக்கிளியில் பூச்சிமருந்து எச்சம் இருக்கலாம். மின்மினிப்பூச்சி இன்னும் மோசம்; ஒன்றே ஒன்று உயிரைப் பறிக்கலாம்.

எங்கே போவது, சட்டம் என்ன?

ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கோ, அருகிலுள்ள மருத்துவமனையிலோ ஊர்வனவற்றைப் பார்ப்பவர் யார் என்று இப்போதே போனில் கேட்டு வையுங்க.

2022-ல் திருத்தப்பட்ட வனஉயிரினச் சட்டத்தின் 4-வது அட்டவணையில் பச்சை இகுவானா போன்ற வெளிநாட்டு இனங்கள் வருகின்றன. 2024 விதிகளின்படி அவற்றை ‘பரிவேஷ் 2.0’ தளத்தில் பதிவு செய்யணும். உங்களிடம் உள்ள இனமும் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்க. வாங்கிய பில்லைப் பத்திரமாக வையுங்க.

கடைசியாக ஒன்று: நலமாகத் தெரியும் ஓணானும் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கும். தொட்டதும் சோப்பு போட்டுக் கை கழுவணும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை கையில் கொடுக்கவே கூடாது.