ஓவியர் எங்கிருந்து வந்தால் என்ன?

நம் பகுதிக்கு ஓய்மாநாடு என்று ஒரு பழைய பெயர் உண்டு. நம் பெரிய முதலியார்சாவடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும் மரக்காணமும், மேற்கே திண்டிவனமும் அந்த நாட்டில் இருந்தவை. சங்க காலத்தில் இதை ஆண்டவன் நல்லியக்கோடன். அவன் குடிக்கு ஓவியர் என்று பெயர். சிறுபாணாற்றுப்படை அவனைப் பற்றியது. பாடிய நத்தத்தனாரும் பக்கத்து இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர்தான். உ.வே.சா. 1889-ல் பத்துப்பாட்டை அச்சில் கொண்டுவராமல் இருந்திருந்தால் இவர்களையெல்லாம் யாருக்குத் தெரிந்திருக்கும்?

இந்த ஓவியர் யார் என்பதில்தான் சிக்கல். வி. கனகசபைப் பிள்ளை 1904-ல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் இவர்களை நாகர் கூட்டத்தில் சேர்த்தார். பாட்டில் இவர்களுடைய ஊர் மாவிலங்கை என்று வருவதாலும், அதைப் பழைய இலங்கையின் பெயரோடு சேர்த்துப் புலவர் சொல்வதாலும், கடல் கடந்து வந்தவர்கள் என்பார் சிலர். பெயரைப் பார்த்து, சித்திரம் எழுதுகிற குடி என்பாரும் உண்டு. போதாததற்கு, 'நல்லியக்கோடன் எங்கள் ஆள்' என்று கல்யாணத்தில் தாம்பூலத்தோடு சிறு புத்தகம் கொடுக்கும் காலமாகிவிட்டது. எனக்கே இரண்டு வந்திருக்கின்றன. இரண்டும் வேறு வேறு சாதிக்காரர்கள் கொடுத்தது!

பெயர் ஒத்துப்போவதை மட்டும் வைத்துக் குலம் கட்டுவது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. அசிரிய மன்னர்களின் கல்வெட்டுகளில் மூவாயிரம் ஆண்டுக்கு முன் முஷ்கி என்றொரு கூட்டம் வருகிறது. கிரேக்கர்கள் மோஸ்கோய் என்று ஒரு குடியைச் சொன்னார்கள். ஜார்ஜியாவில் இன்றும் மெஸ்கெத்தி என்ற பகுதி இருக்கிறது. மூன்றும் ஒன்றுதானா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஜார்ஜியாவின் கிழக்குப் பகுதிக்கு அந்தக் காலத்தில் ஐபீரியா என்று பெயர். ஸ்பெயினுக்கும் அதே பெயர். அதனால் இரண்டும் ஒரே இனம் என்று எழுதியவர்களும் இருந்தார்கள்.

மாவிலங்கைக்கு இலங்கைத் தீவு வரை ஏன் போக வேண்டும்? திண்டிவனத்துக்குப் பக்கத்திலேயே கீழ்மாவிலங்கை இருக்கிறது. மாவிலங்க மரமும் நம் பக்கம் உண்டு. லங்கா என்றால் ஆற்றிடைத் திட்டு என்று கோதாவரிக் கரையில் இன்றும் சொல்கிறார்கள். கழுவெளிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் நம் நிலத்தைப் பார்த்தவர்களுக்கு அதுவும் பொருந்துகிற மாதிரிதான் தோன்றும். இடைக்கழிநாடு என்ற பெயரே என்ன சொல்கிறது? இதுதான் முடிவு என்று நான் சாதிக்கவில்லை. நாலு வழி இருக்கும்போது தூரத்து வழியைப் பிடித்து, ஒரு குடியையே 'வந்தேறி' ஆக்க வேண்டாம் என்கிறேன். அந்தச் சொல் இன்றைக்கு எதற்கெல்லாம் பயன்படுகிறது என்பது நமக்குத் தெரியும்.

பாட்டு தருகிற மற்ற செய்திகளை யாரும் பேசுவதில்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம். எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று பலர் கொள்கிறார்கள். அங்கே வருகிற பாணனுக்கு நுளைச்சி காய்ச்சிய கள்ளும் சுட்ட குழல்மீனும் கிடைக்கிறது. உமணர் வண்டியோடு வந்த குரங்கு அவர்கள் வீட்டுப் பிள்ளையோடு கிலுகிலுப்பை வைத்து விளையாடுகிறது. வேலூர் என்று வருவது நம் உப்புவேலூர்தான் என்கிறார்கள். கிடங்கில், திண்டிவனம் ஊருக்குள்ளேயே கிடங்கல் என்று இருக்கிறது. உப்பளத்தில் இன்றும் வெயிலில் பாத்தி மிதிப்பவர்களின் பிள்ளைகளுக்கு, உப்பு வண்டி இரண்டாயிரம் ஆண்டுப் பாட்டில் வருகிறது என்று பள்ளிக்கூடத்தில் யாராவது சொல்லியிருப்பார்களா?

கீழ்மாவிலங்கைக்குப் போகாதவர்கள் பேரப்பிள்ளைகளோடு ஒருமுறை போய்வாருங்கள். பல்லவர் காலத்துச் சின்னக் குடைவரை. உள்ளே திருமால் நின்ற கோலத்தில் இருக்கிறார். வெயில் ஏறுவதற்குள் போவது நல்லது.