வேம்பும் நாஞ்சில் வயலும்

வேம்பு யாருடைய சொத்து என்னும் வழக்கு ஐரோப்பாவில் நடைபெற்றதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வேப்பெண்ணெயால் பயிர்களின் பூஞ்சண நோயை ஒடுக்கும் முறைக்கு, அமெரிக்க விவசாய இலாகாவும் கிரேஸ் கம்பெனியும் 1994-ல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. வந்தனா சிவாவும் அவருடன் சேர்ந்தோரும் ஆட்சேபித்தனர். இம்முறை இந்தியாவில் முன்னமே கையாளப்பட்டது என்ற சாட்சியம் ஏற்கப்பட்டு, 2000-ல் அவ்வுரிமை ரத்தாயிற்று. 2005-ல் அப்பீலும் தள்ளுபடியாயிற்று. நாட்டுக்கு இது பெருமையே. ஆனால் வழக்கில் வென்ற நாம் வயலில் வென்றோமா?

நாஞ்சில் நாட்டையே எடுத்துக்கொள்வோம். பேச்சிப்பாறை நீர் பாயும் தோவாளை, அகஸ்தீசுவரம் தாலுகாக்களில் கன்னிப்பூ, கும்பப்பூ என நெல் இரு போகம் விளைகிறது. கும்பப்பூப் பயிர் வடகிழக்குப் பருவமழையில் நனைந்தே வளர்வது. ஈரம் மிகுந்தால் இலையுறை அழுகல் நோய் கண்ணாடி இலையின் உறையைப் பற்றும். கதிர் முழுதும் வெளிவராது உள்ளேயே அழுகும். வந்த மணியும் பதராகும். செலவெல்லாம் செய்து முடித்து அறுவடையை எதிர்நோக்கும் வேளையில் நேரும் நஷ்டம் இது. அந்நேரத்தில் குடியானவர் கடன்பட்டேனும் கடை மருந்தை நாடுவதில் வியப்பென்ன?

இந்நோய்க்கு வேப்பங்கொட்டைச் சாற்றைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமே சிபார்சு செய்திருக்கிறது. ஹெக்டேருக்கு 25 கிலோ பருப்பை இடித்து, நீரில் ஓரிரவு ஊறவைத்து வடிகட்டி, 500 லிட்டராக்கிப் பொதிப் பருவத்தில் ஒருமுறையும், 15 நாள் கழித்து மறுமுறையும் தெளிக்கவேண்டும். இது சர்வரோக நிவாரணி என்று நாம் கூறவில்லை. குலை நோய் முற்றிய வயலை இதனால் மட்டும் மீட்க இயலாது. வெயிலில் இதன் வீரியமும் விரைவில் குறையும். ஆதலின் காலமறிந்து தெளிப்பதே முக்கியம்.

தடை யாதெனில், அக்காலத்தில் கொட்டை கைவசம் இல்லாமையே. ஆனி, ஆடியில் உதிர்வது பெரும்பாலும் பொறுக்குவாரின்றி மண்ணாகிறது. மார்கழியில் தேடினால் எங்கே கிட்டும்? கூட்டுறவுச் சங்கங்கள் உதிரும் பருவத்திலேயே தோவாளைப் பக்கத்திலும் அண்டைத் திருநெல்வேலிச் சீமையிலும் கொட்டையை விலைக்கு வாங்கி, நிழலில் உலர்த்திச் சேமிக்கட்டும். திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையம், சாறு தெளித்த வயலையும் தெளிக்காத வயலையும் அருகருகே வைத்து, விளைவைக் குடியானவர் முன்னிலையில் அளந்து காட்டட்டும். பேச்சினால் வராத நம்பிக்கை கண்டுமுதலால் வரும். ஊர்த்தொண்டில் ஈடுபட்ட அன்பர்கள் இவ்விரண்டையும் விடாது வற்புறுத்தவேண்டும்.

ஐரோப்பாவில் வாதாடி மீட்ட உரிமை, நம் ஊர் மரத்தடியில் மக்கிப் போகலாகாது.