முடிசூடாத மன்னரும் முடிசூடிய பொம்மையும்

பத்தாம் ஆண்டு வகுப்பில் குடியுரிமைக் கல்வி நடத்திக்கொண்டிருந்தேன். பிரித்தானியாவில் முடியாட்சி, இலங்கையில் குடியரசு என்று கரும்பலகையில் எழுதியதும் பின்வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "சேர், அங்க ராஜா இருக்கிறார். எங்களுக்கு ராஜா இல்ல. அப்பிடியென்டா நாங்கதானே முன்னேறின நாடு?" வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். பாடநூல் சொல்வதைச் சொல்லி மணியடிக்கும் வரை சமாளித்தேன். நாற்பது நிமிடத்துக்குள் அடங்காத அந்த விடையை இங்கே எழுதுகிறேன்.

எமது நாட்டிலிருந்து முடியாட்சி நீங்கியது 1972 மே 22 ஆம் திகதி. ஆறே வருடங்களில், 1978 இல், அது முடியில்லாமல் திரும்பி வந்தது. இதுதான் என் கட்சி. இதை மறுப்பவர்கள் எமது சமூகத்தில் படித்தவர்களிடையேதான் அதிகம் என்பதால் இந்தச் சஞ்சிகையில் எழுதுவது பொருத்தம் என நினைக்கிறேன்.

1948 இல் சுதந்திரம் கிடைத்த பின்னும் எமக்கு அரச தலைவர் இலண்டனில்தான் இருந்தார். இங்கே அவர் சார்பில் மகாதேசாதிபதி. 1954 இல் எலிசபெத் மகாராணி பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது, என் வாப்பா சிறுபிள்ளையாக வீதியோரத்தில் நின்று காரைப் பார்த்தவர். கையசைத்த ஒரு வெள்ளைக் கையுறையைத் தவிர வேறெதுவும் ஞாபகமில்லை என்பார். ராணியின் வேலையும் அவ்வளவுதான். ஆட்சி செய்தவர் பிரதமர். பிரதமரைக் கேள்வி கேட்டது பாராளுமன்றம்.

1962 முதல் கடைசி மகாதேசாதிபதியாக இருந்தவர், முன்னர் கண்டி மாநகர ஆணையாளராகக் கடமையாற்றிய வில்லியம் கோபல்லாவ. 1972 இல் குடியரசானதும் அவரே முதலாவது ஜனாதிபதியானார். அதே மனிதர், அதே மாளிகை, பெயர்ப்பலகை மாத்திரம் வேறு. அப்போதும் நாட்டை நடத்தியவர் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கதான். ஆகவே ராணியா ஜனாதிபதியா என்பதல்ல விஷயம். மரியாதை ஒருவரிடமும் அதிகாரம் இன்னொருவரிடமும் இருந்தன. 1978 இல் ஜே.ஆர். ஜயவர்தன அவ்விரண்டையும் ஒரே நாற்காலியில் வைத்துக் கட்டி, தானே அதில் அமர்ந்துகொண்டார். அமர்ந்திருப்பவர் மீது வழக்குத் தொடர முடியாது என்றும் எழுதிவைத்தார்.

கண்டிக்காரர்களுக்கு இந்த நாற்காலி புதிதல்ல. தலதா மாளிகைக்குப் பக்கத்திலுள்ள மகுல் மடுவவுக்கு வருடாவருடம் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிச் செல்கிறோம். செதுக்கிய மரத்தூண்களைத் தொட்டுப் பார்ப்பார்கள், ஐஸ்கிரீம் கேட்பார்கள். 1815 மார்ச் 2 ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் அங்கேதான் நிறைவேறியது. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை நீக்கி நாட்டைப் பிரித்தானிய மன்னனுக்கு எழுதிக்கொடுத்ததில் வெள்ளையருக்கு மட்டுமன்றி அவனுடைய சொந்தப் பிரதானிகளுக்கும் பங்குண்டு. மன்னனை இறக்க அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. அவன் வேலூருக்குப் போனான், நாடு அந்நியனிடம் போனது.

அதே மகுல் மடுவவில்தான் 2020 ஓகஸ்ட் 12 ஆம் திகதி ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ முன்னிலையில் அமைச்சரவை பதவியேற்றது. மன்னன் கொலுவிருந்த மண்டபம்! இடத்தைத் தெரிவுசெய்தவருக்கு வரலாறு தெரியாமலிருக்கலாம். ஆனால் அந்த நாற்காலியின் தன்மை நன்றாகவே தெரிந்திருக்கிறது.

இரண்டே வருடத்தில் நடந்ததைப் பாருங்கள். 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி இரவு, பிரதமர் தவிர்ந்த அமைச்சரவை முழுவதும் இராஜினாமாச் செய்தது. ஜனாதிபதி அசையவில்லை. மே 9 இல் பிரதமரும் போனார். ஜனாதிபதி அசையவில்லை. பெற்றோல் வரிசையில் நானும் இரவிரவாக மோட்டார் சைக்கிளோடு நின்றவன். கடைசியில் ஜூலை 9 இல் சனம் மாளிகைக்குள்ளேயே புகவேண்டியதாயிற்று. 13 ஆம் திகதி அதிகாலை விமானப்படை விமானத்தில் மாலைதீவு, மறுநாள் சிங்கப்பூரிலிருந்து இராஜினாமாக் கடிதம்.

அதே வாரத்தில் இலண்டனில் என்ன நடந்தது? ஜூலை 5 இல் இரண்டு மூத்த அமைச்சர்கள் விலகினார்கள். அவர்களைத் தொடர்ந்து மற்றவர்கள் வரிசையாக விலகினார்கள். 7 ஆம் திகதி பொரிஸ் ஜோன்சன் வாசலுக்கு வந்து, கட்சித் தலைமையை விட்டு விலகுகிறேன், புதியவர் வந்ததும் பிரதமர் பதவியையும் விடுவேன் என்றார். ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. ராணியின் மாளிகைக்குள் எவரும் பாயவில்லை. பாய்ந்து என்ன பயன், அங்கே எடுப்பதற்கு அதிகாரம் ஏதும் இருக்கவில்லையே! எமது ஜனாதிபதியை இறக்குவதானால் அரசியலமைப்பின்படி மூன்றிலிரண்டு பெரும்பான்மையும் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பும் வேண்டும். 1991 இல் பிரேமதாசவுக்கு எதிராக முயன்று பார்த்தவர்கள் சபாநாயகரின் மேசையைத் தாண்டவில்லை.

இனி எமது வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். "நிறைவேற்று ஜனாதிபதி முறைதான் சிறுபான்மைக்குக் கேடயம். ஐம்பது சதவீதம் எடுக்க எங்கள் வாசலுக்கு வந்தேயாக வேண்டும்." ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், என் உறவினர், கலியாண வீடொன்றில் பிரியாணிச் சஹனைச் சுற்றியிருந்து இதைச் சொன்னார். எத்தனையோ மேடைகளில் கேட்ட வசனம். 1988 இல் மர்ஹூம் அஷ்ரஃப் அவர்கள் பிரேமதாசவிடம் பேரம் பேசி, வெட்டுப்புள்ளியைப் பன்னிரண்டரை சதவீதத்திலிருந்து ஐந்தாகக் குறைத்தது உண்மை. அந்தச் சாதுரியத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பெரும்பான்மையின் வாக்குகளைத் திரட்டியே வெல்லலாம் என்பதை 2019 காட்டிவிட்டது. வாசலுக்கு வரத் தேவையில்லாதவன் வந்தபோது கேடயம் என்னவானது?

கொரோனாவில் மௌத்தான எம்மவர்களை எரித்தார்கள். பிறந்து இருபது நாளேயான குழந்தையின் ஜனாஸாவும் தப்பவில்லை. பொரளை மயான வேலியில் சனங்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். 2021 பெப்ரவரி 10 ஆம் திகதி பாராளுமன்றத்தில் பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ எழுந்து, அடக்கம் செய்ய அனுமதிக்கப்படும் என்றார். நாம் ஆனந்தக் கண்ணீர் விட்டோம். மறுநாளே இராஜாங்க அமைச்சர் ஒருவர், முடிவெடுக்க வேண்டியது நிபுணர் குழு என்றார். வர்த்தமானி வெளிவந்தது பெப்ரவரி 25 இல். இடைப்பட்ட பதினைந்து நாளும் ஒரு பிரதமர் சபையில் கொடுத்த வாக்குக்குப் பெறுமதி எதுவுமில்லை. பாராளுமன்ற ஆட்சியென்றால் சபையில் பிரதமர் சொன்னது அரசாங்கத்தின் சொல். அதை அமைச்சர் மறுத்தால் மறுநாள் அவர் அமைச்சரல்லர். இங்கே பிரதமர்தான் கையசைக்கும் வெள்ளைக் கையுறை.

முடியாட்சிக் காலம் பொற்காலம் என்று நான் சொல்லவரவில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டம் எங்களைச் சூழவுள்ள தோட்டங்களில் வாழ்ந்த மலையகத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறித்தபோது, முடி ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலையில் பத்திரமாக இருந்தது. சிறுபான்மையைக் காக்கச் சோல்பரி யாப்பில் 29 ஆம் பிரிவு இருந்தது. இலண்டன் கோமறைக் கழகம் வரை போனார்கள். சட்டம் செல்லும் என்று 1953 இல் தீர்ப்பு வந்தது. முடியும் காப்பாற்றாது. மலேசியாவைக் காட்டி மன்னர் வேண்டும் என்பவர்களுக்கும் இதே பதில்தான். 1972 இல் முடியோடு அந்த 29 ஆம் பிரிவையும் சேர்த்து வீசினோமே, அது வேறு கதை. பலவீனமானதென்றாலும் அதைத் திருத்தியிருக்க வேண்டும்.

அரைகுறை மாற்றமும் ஆபத்து. 2018 மார்ச்சில் திகனை எரிந்து, தீ எங்கள் பக்கமும் பரவியபோது, பாதுகாப்பு ஜனாதிபதியிடம் இருந்தது, சட்டம் ஒழுங்கு பிரதமரிடம் இருந்தது. இருவரும் வேறு வேறு கட்சி. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் யார் யாருக்கோ தொலைபேசி எடுத்தார்கள். ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்டினார்கள். அதே வருடம் ஒக்டோபரில் ஜனாதிபதி பிரதமரையே நீக்கினார். பிறகு பாராளுமன்றத்தையும் கலைத்தார். கலைத்தது செல்லாது என்று உயர் நீதிமன்றம் டிசம்பரில் சொல்லும் வரை நாட்டுக்கு யார் பிரதமர் என்று எங்களால் பிள்ளைகளுக்குச் சொல்ல முடியவில்லை. ஒரு வண்டிக்கு இரண்டு வண்டிக்காரர் கூடாது.

இந்த முறையை ஒழிப்பதாக 1994 இல் வாக்குறுதி தந்தார்கள், 2015 இல் தந்தார்கள், 2024 இல் வென்றவர்களும் தம் விஞ்ஞாபனத்தில் எழுதினார்கள். அவர்களை விடுங்கள். 2010 இல் இரண்டு தவணை என்ற எல்லையை நீக்கிய 18 ஆம் திருத்தத்துக்கு எமது கட்சி கை உயர்த்தியது. 2020 ஒக்டோபர் 22 இல், ஜனாஸாக்கள் எரிந்துகொண்டிருந்தபோதே, அதிகாரத்தை மீண்டும் அந்த நாற்காலியில் குவித்த 20 ஆம் திருத்தம் 156 வாக்குகளால் நிறைவேறியது. அந்த 156 இல் எதிர்க்கட்சி வரிசையிலிருந்த எமது உறுப்பினர்கள் சிலரின் கைகளும் இருந்தன. அடுத்த தேர்தலில் அவர்கள் எங்கள் பள்ளிவாசல் முற்றத்துக்கு வருவார்கள். எந்தக் கேடயத்துக்காகக் கை உயர்த்தினீர்கள் என்று கேட்க நான் முன்வரிசையில் உட்காரப் போகிறேன். அந்த அதிபர் மாமாவையும் பக்கத்தில் உட்காரவைப்பதாக உத்தேசம்.